வேலிக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்டவர்கள்

1

எங்கள் தெருவில் என் மகளுக்கு இரண்டு பெயர். வீட்டுக்குள் இனியா, கேட்டைத் தாண்டினால் முயிண்டி. ஆப்பிரிக்காவின் இந்தக் கம்பாலாவில் இந்திய முகம் உள்ள யாரையும் அப்படித்தான் சொல்வார்கள். அது வசவு இல்லை. தக்காளி விற்கும் அம்மாள் அன்பாகச் சொல்வாள். பைக் டாக்சிக்காரன் வாடகை பேசும்போது சொல்வான். பள்ளியில் சண்டை வந்தால் பிள்ளைகள் அதையே வேறு குரலில் சொல்வார்கள். சொல் மாறுவதில்லை. குரலைத்தான் கவனிக்க வேண்டும்.

போன வாரம் நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது இனியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, மாமா ஊர்ல யாரு முயிண்டி?"

"அங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதானே. அங்க ஏது முயிண்டி?"

"இல்ல, இருந்தாங்க. மாமா வீட்டு லைன்ல. பேபி வச்சிருந்த ஆன்ட்டி. அவங்களை எல்லாம் பஸ்ல போட்டாங்களே."

பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. மூட்டையைப் போடுவதுபோல் 'போட்டாங்க' என்கிறாள். வருடத்துக்கு வருடம் அவள் தமிழ் இப்படித் தேய்ந்துகொண்டு போகிறது. வழக்கமாகத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்ததை எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஊரில் யாரைக் கேட்டாலும் "ஒண்ணும் நடக்கலையே" என்பார்கள். உண்மைதான், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வதும் அதுதான்.

2

என் ஊர் ஒரகடம் பக்கம், வல்லம் வடகால் என்ற ஊரை ஒட்டிய ஒரு சின்ன ஊர். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அங்கே இருப்பவர்கள் என் சொந்தக்காரர்கள், நாளைக்கும் அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டும். நெல் விளைந்த நிலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. வந்த பணத்தில் பலர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவற்றை லைன் வீடு என்போம். என் தம்பி ஏழுமலையும் கட்டினான். குடிவந்தவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார் பக்கத்து ஆட்கள்.

நான் நர்ஸ். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில்தான் முதல் வேலை. நசுங்கிய விரல்களுக்கும், சாப்பிடாமல் வந்து மெஷின் முன்னால் மயங்கி விழும் பெண்களுக்கும் கட்டுப் போடுவதும் குளுக்கோஸ் ஏற்றுவதுமாக நாட்கள் போயின. அப்போது ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர். அங்கே போன சர்வதேச அமைதிப் படையின் மருத்துவமனைக்கு நர்ஸ்கள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன், கிடைத்தது. படையின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த குமரேசன் சுங்குவார்சத்திரத்துக்காரர். "இவ்ளோ தூரம் போயி பக்கத்து ஊருக்காரனத்தான் புடிச்சியா?" என்று போனில் அம்மா சிரித்தாள். படை கலைக்கப்பட்டதும் இருவருக்கும் கம்பாலாவில் வேலை அமைந்தது. இனியா இங்கே பிறந்தாள்.

3

அந்த நாட்டின் பெயரையும் விடுகிறேன். நாங்கள் இருந்தது ஒரு ஆற்றங்கரை ஊர். ஆற்றோரத்தில் ஒரு இனம், மேட்டு நிலத்தில் வேறொரு இனம். ஒரே சந்தைக்கு வருவார்கள், ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போவார்கள். போரே தலைநகரத்தில்தான், இங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். எங்கள் வெள்ளை வண்டிகள் காலையிலும் மாலையிலும் ஊரைச் சுற்றி வரும். பிள்ளைகள் கையசைப்பார்கள்.

எங்கள் மருத்துவமனையில் துணி துவைக்கும் மார்த்தா ஆற்றோரத்துக்காரி. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். எனக்கு அவள் பாஷையில் பத்துச் சொல் தெரியும், அவளுக்கு ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டே நாள் முழுக்கப் பேசுவோம். ஒருநாள் அவள் சந்தையிலிருந்து முகம் வாடி வந்தாள். உப்பு விற்கும் மேட்டு நிலத்துப் பெண் எப்போதும் பொட்டலத்தைக் கையில் கொடுப்பவள், அன்று தரையில் வைத்தாளாம்.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை" என்றாள்.

பிறகு மேட்டு நிலத்துத் தாய்மார்கள் வேறு நாளில் தடுப்பூசிக்கு வர ஆரம்பித்தார்கள். முடிவெட்டும் கடை ஒன்று மூடியது. மேட்டு நிலத்துக் குழந்தை ஒன்றை ஆற்றோரத்துக்காரர்கள் கடத்திக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எந்தக் குழந்தை, யார் வீட்டுக் குழந்தை, யாருக்கும் தெரியாது. பேச்சு மட்டும் ஊரைச் சுற்றி வந்தது. நாங்கள் கேட்டதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினோம். அனுப்பியது கிடைத்தது என்று பதிலும் வந்தது.

எங்கள் முகாமுக்குப் பொறுப்பான மேஜர் நல்ல மனிதர். தலைவலி மாத்திரைக்கு அடிக்கடி வருவார். ஒருமுறை வந்தபோது சொன்னார்: "சிஸ்டர், நம் வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் தெரியும். நேரத்தை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். டீசல் கணக்கு பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்."

அனுமதி வருவதற்குள் மேட்டு நிலத்திலிருந்து கூட்டம் வந்துவிட்டது. மழை விட்ட ஒரு மதியம், காலை வண்டி திரும்பி மாலை வண்டி கிளம்பாத நேரம். ஆற்றோர ஜனங்கள் எங்கள் கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். தலைமையகத்தின் உத்தரவு இல்லாமல் திறக்கக் கூடாது என்பது சட்டம். மேஜர் வயர்லெஸ்ஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையால் தாழை நீக்கினார். ஓடி வந்தவர்கள் பிழைத்தார்கள். மார்த்தாவும் அவள் பிள்ளைகளும் அதில் உண்டு. அதே நேரம் ஊர்த் தலைவர்கள் ஆற்றோர ஜனங்களில் மற்றவர்களை, பத்திரமாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். மார்த்தாவின் அக்கா குடும்பம் அங்கேதான் இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தது வந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

எங்கள் வேலிக்குள் அகதி முகாம் அமைந்தது. தார்ப்பாய்க் கூரைகள், குடிநீர்த் தொட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் வந்தன. வெளிநாட்டிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு இது வெற்றி என்றார்கள். வெற்றிதான், அத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் வேலிக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் அதன்பின் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. சந்தை இரண்டானது. முகாமில் பிறந்து தவழ்ந்து நடக்க ஆரம்பித்த குழந்தைகள் மேட்டு நிலத்து மனிதர் ஒருவரைக்கூடக் கண்டதில்லை. வேலிக்கு அப்பால் யாராவது போனால் கல்லெறிந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

மேஜர் ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் சொன்னார்: "உயிர்களைக் காப்பாற்றினோம் சிஸ்டர். ஊரைக் காப்பாற்றவில்லை. நாம் போன பிறகு என்ன ஆகும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது."

படை கலைக்கப்பட்டு நாங்களும் கிளம்பினோம். அடுத்த மழைக்காலத்தில் அந்த முகாம் எரிந்தது என்று கம்பாலாவில் ஒரு பழைய சகா சொன்னார். மார்த்தா எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4

போன விடுமுறைக்கு வருகிறேன். நானும் இனியாவும் மட்டும் போனோம். ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கும்போதே லாரிகளின் புகையும் தூசியும் வழக்கம்போல். தம்பி மனைவி தேவகி வாசலில் நின்றிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"யாருடி இது?" என்றேன்.

"நம்ம சபிதா கொழந்தை அண்ணி. லைன்ல கடைசி வூடு. அவ கம்பெனிக்கு போயிட்டா நான்தான் பாத்துக்கறேன்."

சபிதாவும் அவள் கணவன் பிரதாப்பும் ஒடிசாக்காரர்கள். இருவரும் வேறு வேறு கம்பெனியில் ஒப்பந்த வேலை. லைனில் குடும்பமாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான், மற்ற அறைகளில் தனி ஆண்கள். சபிதா தேவகியிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் அவள் தமிழும் தேவகியின் தமிழ்தான். "இன்னாக்கா, சாப்ட்டியா?" என்று அவள் கேட்டபோது இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். மாலையில் இரண்டு பெண்களும் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்வார்கள். சபிதா கடுகை அரைத்து ஒரு குழம்பு வைப்பாள். என் தம்பிக்கு அது பிடிக்காது, ஆனாலும் சாப்பிடுவான்.

முதல் சில நாட்கள் எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு காலை டீ வாங்கப் போனேன். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் பாஸ்கர் பள்ளியில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவன். எனக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தான். பக்கத்தில் நின்ற பிரதாப்புக்குப் பேப்பர் கப்.

"இன்னா பாஸ்கரு, ரெண்டு தினுசா குடுக்கற?"

"அவங்க பான்பராக் போடுவாங்கக்கா. கிளாஸ கழுவி மாளல."

சொல்லிவிட்டு அவன் கப்பைப் பலகையின் ஓரத்தில் வைத்தான், பிரதாப் எடுத்துக்கொண்டான். கையில் கொடுக்கவில்லை. கிளாஸ் விஷயம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. யார் யாருக்கு எந்த கிளாஸ் என்று பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் இது எனக்கு உப்புப் பொட்டலத்தை நினைவுபடுத்தியது. டீயை முழுதும் குடிக்க முடியவில்லை.

அதன்பின் எல்லாம் கண்ணில் பட்டது. முன்பு 'இந்திக்காரங்க' என்றவர்கள் இப்போது 'அதுங்க' என்றார்கள். ஊர் முழுக்க ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. யாரோ ஒரு ஆள், நம் ஊர்க்காரன் குரலில்தான், வடக்கிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்துவிட்டது, படப்பை பக்கம் நடந்துவிட்டது, உஷாராக இருங்கள் என்று பேசியிருந்தான். கேட்டவர்கள் எல்லாம் அனுப்பினார்கள். ஏழுமலை ஒருவனுக்கே பல பேரிடமிருந்து வந்திருந்தது, அவனும் பலருக்கு அனுப்பியிருந்தான்.

"நீ நம்பறியாடா?" என்று கேட்டேன்.

"நம்பலக்கா. ஆனா எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்ல?"

"நம்பாதவன் ஏன் அனுப்பின?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்று மாலை எனக்கு முன்பின் தெரியாத இருவர் பைக்கில் வந்து, உங்கள் லைனில் எத்தனை ரூமில் வடக்கத்தி ஆட்கள், குடும்பமா, தனியா, எப்போது இருப்பார்கள் என்று தேவகியிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். கணக்கெடுப்பு என்று நினைத்து அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

குமரேசனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "ஊருன்னா அப்படி இப்படி இருக்கும். நீ அங்க பாத்ததையே நெனச்சிகினு எல்லாத்தையும் பாக்காத" என்றார். ஆனால் வைக்கும்போது, "இனியாவ வெளியே விடாத" என்றும் சொன்னார்.

5

அது ஒரு வேலைநாள். முதல் ஷிப்ட் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போன மாலை நேரம். ஏழுமலை இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தான். இரவு வேலை முடித்து வந்த பிரதாப் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சபிதாவுக்கு விடுமுறை, குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடினாள். பாஸ்கரின் மகள் பள்ளிவிட்டு வீடு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரு நிறைந்தது. யாரோ போனில் அந்த வாய்ஸ் மெசேஜை சத்தமாக ஓடவிட்டார்கள். பிரதாப் அந்தச் சிறுமிக்கு ஒருமுறை பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான் என்று யாரோ சொன்னார்கள். அது நிஜம். கடைக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் வாங்கிக் கொடுப்பான். தன் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்று சிரிப்பான்.

கூட்டம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்தேன். ஓடி இறங்கினேன்.

தேவகி சபிதாவையும் குழந்தையையும் அறைக்குள் தள்ளிவிட்டுக் கையில் பூட்டோடு நின்றாள். "வெளிய பூட்டிட்டா ஆள் இல்லன்னு போயிடுவாங்க அண்ணி."

"பூட்டாத" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உள்ள வச்சிப் பூட்டவே கூடாது. எல்லாரையும் நம்ம வூட்டுக்குள்ள கூட்டிகினு வா. சமையல்கட்டுக்கு."

பிரதாப் லுங்கியோடு எழுந்து வந்தான். மற்ற அறைகளில் இருந்த ஓரிருவரும் வந்தார்கள். இனியாவிடம் அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தாய் சொல்லக் கூடாத வார்த்தை அது என்று தெரியும். என் மகள் உள்ளே இருக்கிறாள் என்று வாசலில் நின்று சொல்ல எனக்கு அது வேண்டியிருந்தது.

நானும் தேவகியும் கேட்டில் நின்றோம்.

அமைதிப் படைக்குத் துப்பாக்கி இருந்தது, வண்டி இருந்தது, தலையில் நீலத் தொப்பி இருந்தது. ஆனால் அங்கே தாக்க வந்த கூட்டத்தில் ஒருவன் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இங்கே இருந்தது பெயர்கள் மட்டும்தான்.

"பாஸ்கரு" என்று கூப்பிட்டேன். "இங்க வா. பொண்ணு ஸ்கூல்ல இருந்து யாரோட வரும்?"

அவன் அழுதுகொண்டிருந்தான். "அந்த வடக்கத்தி ஆள வெளிய அனுப்புக்கா. ஒரு வார்த்த கேட்டுட்டு உட்டுடறோம்."

"கேளு, நானும் கூட கேக்கறேன். மொதல்ல சொல்லு, யாரோட வரும்?"

"கன்னியப்பன் பொண்ணோட."

"கன்னியப்பன் வூட்டுல பாத்தியா?"

அவன் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். யாரும் அங்கே போய்ப் பார்த்திருக்கவில்லை. கூட்டத்தில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். சேகர், உன் வண்டியில கன்னியப்பன் வூட்டுக்கு போ. வேலு மாமா, நீங்க ஸ்கூலாண்ட போய் டீச்சர கேளுங்க. பெயர் சொன்னதும் ஒவ்வொருவரும் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு தனி ஆளாவதைப் பார்க்க முடிந்தது. சேகர் வண்டியை உதைத்தான்.

ஆனால் பின்வரிசையில் எனக்குத் தெரியாத இளைஞர்கள் நின்றார்கள். வேறு ஊரோ, வேறு மாவட்டமோ. அவர்களைக் கூப்பிட என்னிடம் பெயர் இல்லை. அவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "பொம்பளைங்க பேச்ச கேட்டுகினு நிக்கிறீங்களேடா" என்றான். ஒரு கல் வந்து லைன் வீட்டு ஓட்டில் விழுந்தது. தேவகி என் கையைப் பிடித்தாள். அப்போதும் கேட்டை விட்டு அவள் நகரவில்லை.

"உள்ள என் பொண்ணு கீறா" என்றேன் பொதுவாக. "கல்லு யாரு மேல படுதுன்னு பாத்துப் போடு."

சேகர் திரும்பி வந்தான். வண்டியின் முன்னால் பாஸ்கரின் மகள் உட்கார்ந்திருந்தாள். தோழி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாளாம். பாஸ்கர் அவளைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிலர் சிரித்தார்கள். சிலர் எங்களைப் பார்க்காமல் நழுவினார்கள். மன்னிச்சிக்கக்கா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பின்வரிசை ஆட்கள் கடைசியாகக் கலைந்தார்கள். வண்டி ஏறும்போது ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது: "இன்னிக்கு பொண்ணு கெடைச்சிடுச்சி. இன்னொரு நாள் கெடைக்காது, அப்ப பாக்கலாம்."

6

அவர்கள் போனில் எடுத்த படம் பரவியது. ஆனால் பெண் கிடைத்த பகுதி அதில் இல்லை. கூட்டமும் கல்லும் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். இன்ஸ்பெக்டர், கம்பெனிகளின் ஆட்கள், ஊர்ப் பெரியவர்கள், லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்குள் வைக்க வேண்டாம், சேரப்பணஞ்சேரி போகும் வழியில் ஒரு பெரிய விடுதி இருக்கிறது, சுற்றுச்சுவர், காவல், கேமரா எல்லாம் உண்டு, அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று முடிவானது. எதிர்த்து யாரும் பேசவில்லை. எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

நான் எழுந்தேன். அந்த ஆற்றங்கரை ஊரைப் பற்றிச் சொன்னேன். பிரித்து வைத்தால் முதலில் அமைதி வரும், பிறகு ஒருவரைப் பற்றி ஒருவர் எதைச் சொன்னாலும் நம்புவார்கள், ஏனென்றால் நேரில் பார்த்து இல்லை என்று சொல்ல ஆள் இருக்காது என்றேன். அந்த மெசேஜை அனுப்பியவன் யார் என்று பாருங்கள், அந்தப் பைக் ஆட்கள் யார் என்று பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க ஆப்பிரிக்காவ பத்தி சொல்றீங்க. இது ஒரகடம். இங்க அப்படியெல்லாம் ஆகாது. எனக்கு இப்போதைக்கு ஒரு அசம்பாவிதமும் நடக்கக் கூடாது, அவ்ளோதான்."

வெளியே வந்ததும் ஏழுமலை சொன்னான்: "அக்கா, நீ சொல்றது புரியுது. ஆனா மொதல்ல உயிரோட இருக்கணும்ல? மத்ததெல்லாம் அப்புறம்தானே."

மேஜர் கேட்டைத் திறந்ததும் அப்படி நினைத்துத்தான்.

அடுத்த நாள் காலையிலேயே பஸ்கள் வந்தன. விடுதியில் குடும்பங்களுக்கு இடம் கிடையாது என்று அப்போதுதான் சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு கட்டடம், ஆண்கள் வேறு கட்டடம். சபிதா பஸ் படியில் நின்றுகொண்டு, "நான் இங்கயே இருக்கறேன்க்கா, ஒண்ணும் ஆகாது" என்று தேவகியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். தேவகி குழந்தைக்கு மை வைத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். கம்பெனி ஆள் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினான். இனியா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

நான் கிளம்புவதற்கு முன் ஒருநாள் தேவகியும் நானும் விடுதிக்குப் போனோம். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். பாஸ் வாங்க ஆதார் வேண்டும், சொந்தக்காரர் என்று காட்ட ஏதாவது வேண்டும். தேவகி சபிதாவுக்கு என்ன உறவு என்று எதைக் காட்டுவது? கடைசியில் காவலாளி மனமிரங்கி சபிதாவைக் கேட்டுக்கு வரச் சொன்னார். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொஞ்ச நேரம் பேசினார்கள். குழந்தை தேவகியிடம் தாவியது, கம்பி தடுத்தது. அவர்கள் சொல்வதை நான் கேட்கவில்லை. அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் ரொம்ப அமைதியாக இருந்தது. பாஸ்கர் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸிலேயே டீ கொடுத்தான், இப்போது பேப்பர் கப்புக்கு ஆள் இல்லை. விடுதிக்கு 'கேம்ப்' என்று பெயர் வந்துவிட்டது. 'கேம்ப் ஆளுங்க' ஏரிக்கரைப் பக்கம் கூட்டமாகப் போனார்கள், 'கேம்ப் ஆளுங்க' கத்தி வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கேம்பில் ஒருவரையாவது தெரியுமா என்று நான் கேட்டால், "யாரக்கா தெரியும்? அதுங்க வெளியவே வர்றதில்லையே" என்றார்கள்.

7

கம்பாலாவுக்குத் திரும்பியதும் இங்கே தங்குவதற்கான பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் ஒவ்வொரு முறையும் அதே கவுன்டர், அதே கேள்வி: எதற்காக இருக்கிறீர்கள், எப்போது போவீர்கள்? நர்ஸ் என்று சொன்னால் சிரித்துவிட்டு முத்திரை குத்துவார்கள். இந்த முறையும் சிரித்தார்கள். ஆனால் நான் அந்த அதிகாரியின் குரலை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். முன்பு அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கார அம்மாள் இந்த ஊர்க்காரர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒருகாலத்தில் இந்த நாட்டிலிருந்து இந்தியர்களை மொத்தமாக வெளியேற்றினார்களே, அப்போது இளம்பெண்ணாக இருந்தவர். ஊரில் நடந்ததை அவரிடம் சொன்னேன். வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்டார்.

"எங்கள் தெருவிலும் ஒரு குடும்பம் இருந்தது. நாங்கள் யாரும் அவர்களை விரட்டவில்லை. உங்கள் நல்லதுக்குத்தான், சீக்கிரம் போய்விடுங்கள் என்றுதான் சொன்னோம். மூட்டை தூக்கக்கூட உதவினோம்" என்றார்.

நேற்று மாலை தேவகி கூப்பிட்டாள். வழக்கமாக வீடியோவில் வந்து இனியாவிடம் வம்பு பேசுவாள். நேற்று குரல் மட்டும்தான் வந்தது.

"அண்ணி, சபிதா போன் பண்ணிச்சி."

"நல்லா கீறாளா? கொழந்த?"

"கொழந்தைக்கு பல்லு வந்திடுச்சாம்." அதைச் சொல்லும்போது ஒரு கணம் அவள் குரல் இளகியது. பிறகு இறுகியது. "அங்க அவங்க பாஷையில ஒரு மெசேஜ் சுத்துதாம் அண்ணி. நம்ம ஊரு ஆளுங்க அவங்க புள்ளைங்கள தூக்கினு போறாங்களாம். கேம்ப்ல எல்லாம் கொழந்தய வெளிய வுடறது இல்லியாம். ஆம்பளைங்க ராத்திரில கம்பி வச்சிகினு காவலுக்கு நிக்கறாங்களாம்."

"அவளுக்கு நீ இன்னா சொன்ன?"

"அவ என்னையே கேக்கறா அண்ணி. அக்கா, இது நெசமா, உங்க ஊருல யாராச்சும் அப்டி செய்வாங்களான்னு. எங்கிட்ட கேக்கறா. ரெண்டு கையாலயும் அந்த கொழந்தைய வளத்தேன். அவளுக்காக கல்லு வுழற எடத்துல நின்னேன். என்னப் பாத்து கேக்கறா."

"பயந்து போய் கேட்டிருப்பா தேவகி. யார கேக்க முடியும் அவளால? உன்னத்தான் கேக்க முடியும். இல்லன்னு சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லல. கட் பண்ணிட்டேன்."

"இப்பவே கூப்பிடு. வேற எதுவும் பேச வேணாம். அப்டி இல்லம்மா, பொய்யின்னு மட்டும் சொல்லு. நான் வைக்கறேன், நீ உடனே கூப்பிடு."

மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ தெருவில் தேவகியைக் கூப்பிட்டார்கள். அவள் "வரேன், வரேன்" என்றாள்.

"தேவகி, கேக்கறியா? கூப்பிடறியா?"

"நான் ஏன் அண்ணி கூப்பிடணும்?" என்றாள். "வேணும்னா அவளே கூப்பிடட்டும்."